வைரம் பாய்ந்த விறகு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். போகிற போக்கில் வாய் தவறிச் சொல்கிற சத்தியம் இல்லை. பெற்ற தாயின் தலையில் கைவைத்து, வைத்த கையை எடுக்காமலே சொல்கிற சத்தியம். நம்ப முடியாதவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டு வேறு வேலை இருந்தால் பார்க்கலாம். யாருக்கும் வருத்தமில்லை.

ரம்பம் என்று ஒருவர் இருந்தார். மர மில்லில் தலைமை அறுப்புக்காரர். கையிலிருந்த ரம்பத்தால் அந்தப் பெயர் வந்ததா, வாயிலிருந்த ரம்பத்தால் வந்ததா என்பதில் மில்லுக்குள் இரண்டு கட்சி உண்டு. கையிலிருந்தது சாயங்காலம் ஐந்து மணிக்கு நின்றுவிடும் என்பதால் இரண்டாவது கட்சிக்கே ஆள் அதிகம். வயது அறுபத்தொன்று. இடது கையில் நாலு விரல். ஐந்தாவது, பதினேழு வருஷத்துக்கு முன்னால் அறுக்க வந்த ஒரு தடியோடு தடியாகப் பலகைக்குள் போய்விட்டது. அந்தப் பலகையில் செய்த கதவு ஊரில் யாரோ ஒருவர் வீட்டில் இருக்கிறது. ஆள் வராமலே தட்டுகிற சத்தம் கேட்கிறது என்று அந்த வீட்டுக்காரர் இரண்டு முறை மில்லுக்குப் புகார் எழுதினார்.

விரல் போனதில் ரம்பத்துக்கு வருத்தம் கிடையாது. விரல் போன ஒன்பது நாளில் வேறொன்று போனதுதான் வருத்தம்.

அவர் இருந்தது மாமனார் வீடு. மாமனார் சாகும்போது மகளுக்குப் பாதி, மகனுக்குப் பாதி என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். மகள் ரம்பத்தின் மனைவி. மகன் அவளுடைய தம்பி, ரம்பத்தின் மச்சினன். பிளைவுட் கம்பெனியில் பசை தடவுகிற பிரிவில் வேலை. அதனால் அவனுக்குப் பசை என்றே பெயர். கையில் எப்போதும் இருக்கும், சட்டைப்பையில் ஒருநாளும் இருந்ததில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒட்டினால் விடமாட்டான் என்று பெண்கள் பயந்திருக்கலாம். ரம்பம் ஆஸ்பத்திரியில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்த ஒன்பது நாளில், அத்தானுக்குச் சிரமம் வேண்டாமே என்று பசை தானே வீட்டின் குறுக்கே பிளைவுட் தடுப்பு அடித்தான். டேப் வைக்கவில்லை. கண்ணால் பார்த்து அடித்தான்.

கட்டுப்போட்ட கையோடு வீட்டுக்குள் நுழைந்த ரம்பம் முதலில் தரையைப் பார்த்தார். தரைக் கற்களை எண்ணினார். தடுப்பு மூன்று கல் இந்தப் பக்கம் தள்ளி நின்றது. மூன்று கல் என்றால் ஒன்றரை அடி. ஒரு நூல் பிசகினால் பலகையையே திருப்பி அனுப்புகிற மனிதருக்கு ஒன்றரை அடி. மச்சினனைக் கூப்பிட்டுக் காட்டினார். சின்ன விஷயம்தானே அத்தான் என்றான் அவன். என் தம்பிதானே என்றாள் மனைவி. தடுப்பு அங்கேயே நின்றது. ஒன்றரை அடி ரம்பத்தின் நெஞ்சுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் காலில் செருப்பு மாட்டும்போது அந்த மூன்று கல்லையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்பினார்.

இப்படி இருக்கும்போதுதான் வடக்கே அணு உலை வெடித்தது.

காற்று மூன்று நாள் இந்தப் பக்கமாக அடித்தது. காட்டில் ஊசியிலை மரங்கள் எல்லாம் செங்கல் நிறமாகிவிட்டன. கொஞ்சம் தள்ளியிருந்தவை நிறம் மாறவில்லை. ஒன்றும் நடக்காததுபோலப் பச்சையாக நின்றன. அதுதான் ஆபத்து என்று அரசு அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். வரைபடத்தில் கோடு போட்டார்கள். ஊர் கோட்டுக்கு இந்தப் பக்கம், குடியிருக்கலாம் என்ற பக்கத்தில் விழுந்தது. அந்தக் கோடு எவ்வளவு மெல்லியது என்றால், அந்தப் பக்கம் மேய்ந்துவிட்டுப் பாதி இந்தப் பக்கம் வந்த மாட்டில், கோட்டைத் தாண்டிய முன்கால்களுக்கு மட்டும் பால் விற்க அனுமதி கிடைத்தது.

அளக்கிற பெட்டியோடு ஓர் அதிகாரி வந்து ஊரிலேயே தங்கினார். மீட்டரம்மா என்று அழைத்தார்கள். பெட்டியை எதன் பக்கத்தில் காட்டினாலும் டிக் டிக் என்று அது எண்ணும். முதல் வருஷம் ஜனங்கள் எண்ணைக் கேட்டு அழுதார்கள். இரண்டாம் வருஷம் பரீட்சை மார்க் மாதிரி பேச ஆரம்பித்தார்கள். எங்க வீட்டுக் கிணறு நாற்பது, உங்க வீடு எவ்வளவு என்பார்கள். ஒரு மாப்பிள்ளை வீட்டார், பெண்ணின் தலைமுடி எழுபது என்று சொல்லி எழுந்து போனார்கள். காட்டில் பறித்த காளானுக்குப் பக்கத்தில் பெட்டியைக் காட்டியபோது அது டிக் டிக் என்பதை விட்டு ஒரே மூச்சாகக் கத்த, பாவம் என்று யாரோ அதற்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள்.

மில் மட்டும் நிற்கவில்லை. லாரியில் வரும் தடிகளை மீட்டரம்மா அளப்பார். எண் அதிகமான தடிக்கு மஞ்சள் பெயிண்டில் பெருக்கல் குறி போடப்படும். அந்தத் தடிகள் மில்லின் பின்பக்கம், குழி வெட்டுகிற இயந்திரம் வருகிறவரை காத்துக்கிடந்தன. இயந்திரம் இரண்டாவது வருஷமாக வந்துகொண்டிருந்தது.

இரண்டாவது குளிர்காலத்துக்கு முன்னால் அலுவலகம் ஒரு நோட்டீஸ் ஒட்டியது. எல்லா வீட்டிலும் விறகுதான் எரிகிறது. ஒரு வண்டி விறகில் இருப்பதெல்லாம் எரிந்து ஒரு கூடைச் சாம்பலில் வந்து உட்காரும். அதனால் குளிர் முடிந்ததும் வீட்டுக்கு வீடு அடுப்புச் சாம்பல் அளக்கப்படும். முந்நூறைத் தாண்டினால் அந்தப் பகுதியில் குடியிருப்பவர்கள் வெளியேறித் தகரக் கொட்டகைக்குப் போக வேண்டும். வீட்டைக் கழுவி, ஒட்டியிருக்கும் நெருங்கிய சொந்தக்காரர் வசம் ஒப்படைத்துவிடுவார்கள்.

ரம்பம் கடைசி வரியை நாலு தடவை படித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார்.

அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், பட்டப்பகலில், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மஞ்சள் பெருக்கல் போட்ட தடி ஒன்றைத் தள்ளிக்கொண்டு போய் மிஷினில் ஏற்றினார். தலைமை அறுப்புக்காரர் தடியை அறுப்பதை யார் கேட்பார்கள்?

இப்போது ஒரு தொழில் விஷயம் சொல்ல வேண்டும். மரத்தை அறுத்தால் நடுவில் கறுத்து இறுகிய பாகம் வைரம். வெளியே வெளுத்து மெத்தென்று இருப்பது வெளிறு. நாற்பது வருஷமாக ரம்பத்திடம் வந்த ஒவ்வொரு ஆளும் வைரம் எவ்வளவு என்றுதான் கேட்டானே தவிர, வெளிறு எவ்வளவு என்று ஒருத்தனும் கேட்டதில்லை. மரத்தின் விலை வைரத்தில், பலம் வைரத்தில், வாசனை வைரத்தில். ஆகவே மரம் விஷத்தைக் குடித்திருந்தால் அதை எங்கே வைத்திருக்கும் என்பதில் ரம்பத்துக்குக் கடுகளவும் சந்தேகம் வரவில்லை. ஒன்றரை அடியை அவர் எங்கே வைத்திருந்தாரோ, அங்கேதான் மரமும் வைத்திருக்கும். தோலில் ஒட்டிய தூசி மழையோடு போயிருக்கும். நெஞ்சுக்குள் போனது போகாது.

வைரத்தை மட்டும் தனியாக அறுத்து, கைக்கு அடக்கமாகப் பிளந்து, தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் மச்சினன் வாசலில் அடுக்கினார்.

பசை வெளியே வந்தான். ஒரு கட்டையை எடுத்து முகர்ந்தான். அவன் கண் கலங்கியது.

"என்ன அத்தான் இது? மேசை செய்யற மரம். இதைப் போய் எரிக்கச் சொல்றீங்க?"

"எரிக்கத்தான் மாப்ள கொண்டாந்தேன்."

"ரெண்டு கட்டை எடுத்து ஒரு நாற்காலி செஞ்சுக்கறேனே. அக்காவுக்கு முதுகு வலின்னு சொல்லிட்டிருந்தது."

"நாற்காலியில உட்காரத்தான் முடியும். குளிர் விடாது. எரி."

பதினேழு வருஷத்தில் அத்தான் தன்னிடம் இவ்வளவு நேரம் பேசியதே இல்லை என்று பசை அன்று தன் அக்காவிடம் சொல்லி அழுதானாம். வயசானா மனுஷன் கனிஞ்சுடுவான் என்று அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம்.

மிச்சமிருந்த வெளிறை ரம்பம் வீணாக்கவில்லை. மரக்காரனுக்கு மரத்தூளை மிதிப்பதே பாவம். பட்டையை உரித்துப் போட்டு, ஓரப்பலகைகளைக் குழாயடியில் இரண்டு தடவை கழுவி, காயவைத்துத் தன் வீட்டு அடுப்பில் வைத்தார். வாரத்துக்கு ஒரு தடி. வைரம் தடுப்புக்கு அந்தப் பக்கம், வெளிறு இந்தப் பக்கம். குளிர் முழுக்க இப்படியே நடந்தது.

வெளிறு சடசடவென்று எரிந்து அரை மணியில் அணைந்துவிடும். புகை அதிகம், சூடு குறைவு. வைரம் அப்படியில்லை, காலையில் வைத்த கட்டை மாலைவரை கனன்றுகொண்டிருக்கும். பிளைவுட் தடுப்பில் கை வைத்தால் அந்தப் பக்கத்துச் சூடு தெரியும். முதல் வாரமே ரம்பத்தின் மனைவி பின்னலையும் நூலையும் எடுத்துக்கொண்டு தம்பி அடுப்புக்குப் போய்விட்டாள். காலையில் போவாள், சாயங்காலம் திரும்புவாள். பிறகு சாப்பாடும் அங்கேயே ஆயிற்று.

இது ரம்பத்தின் கணக்கில் வராதது.

அன்று சாயங்காலம் முழுவதும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தார். போகாதே என்று சொன்னால் ஏன் என்பாள். ஏன் என்று சொன்னால் தம்பியிடம் சொல்வாள். முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவள். சாப்பாட்டில் ஒருநாளும் உப்புக் கூடியதில்லை, குறைந்ததில்லை. இந்தப் பக்கம் அவளை வைத்துப் பார்த்தார்; அந்தப் பக்கம் ஒன்றரை அடியை வைத்துப் பார்த்தார். தராசு கொஞ்ச நேரம் ஆடியது என்பதை அவருக்காகச் சொல்லத்தான் வேண்டும். அவளுக்கும் ஐம்பத்தெட்டு ஆகிவிட்டது, எப்படியும் மூட்டுவலி இருக்கிறது என்று அவர் எழுந்தபோது தராசு நின்றுவிட்டிருந்தது.

மறுநாள் காலை அவள் கிளம்பும்போது அவரே போர்வையை எடுத்து அவள் கழுத்தைச் சுற்றிவிட்டார்.

"பனியா இருக்கு. பாத்துப் போ."

அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். பத்தடி தூரத்துக்குப் போர்வையா என்றாள்.

அதன் பிறகு தினமும் அவள் திரும்பியதும் ஒரு கேள்வி கேட்பார். உன் தம்பி எப்படி இருக்கான்? நல்லா இருக்கான் என்பாள். இருமினானா? இல்லையே. முடி கொட்டுதா? அவனுக்கு இருந்தாத்தானே கொட்டறதுக்கு. நாளுக்கு நாள் பசை சதை போட்டுக்கொண்டிருந்தான். கன்னம் பளபளத்தது. விஷம் முதலில் ஆளைப் பூரிக்கவைத்துத்தான் பிறகு சாய்க்கும் என்று ரம்பம் தன்னைத் தேற்றிக்கொண்டார். தனியாக உட்கார்ந்து, உருளைக்கிழங்கைச் சுடுசாம்பலில் புதைத்து வேகவைத்து, ஊதி ஊதித் தோலோடு தின்றார். கொஞ்சம் இருமல் இருந்தது. புகைதான் என்றார்.

குளிர் விட்டது. மீட்டரம்மா பெட்டியோடு தெருவுக்குள் வந்தார். ரம்பம் அன்று சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். முதலில் மச்சினன் வீட்டைப் பாருங்க மேடம் என்று கையைக் காட்டினார்.

மச்சினன் அடுப்புச் சாம்பலை ஒரு கரண்டி எடுத்துப் பெட்டிக்குக் கீழே வைத்தார்கள். டிக். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டிக். தொண்ணூற்றாறு. தெருவிலேயே குறைவு என்று எழுதிக்கொண்டார் மீட்டரம்மா. பெட்டி ரிப்பேர்போல என்றார் ரம்பம். சிரித்துக்கொண்டே தடுப்பைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தார்கள். வாசலைத் தாண்டும்போதே பெட்டி கத்த ஆரம்பித்தது. சாம்பலுக்கு மேல் கொண்டுபோனதும் அந்தக் காளானுக்குக் கத்தியதுபோல ஒரே மூச்சாகக் கத்தியது. ஒன்பதாயிரத்து நானூறு. மீட்டரம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, எல்லாரும் வெளிய போங்க என்றார்.

தெருவில் நிறுத்திவைத்து, எந்த மரத்தை எரித்தீர்கள் என்று கேட்டார். ஒரே மரம்தான், அத்தான் எங்களுக்கு நல்ல பாகத்தைக் கொடுத்துவிட்டுக் கழிவை அவர் எரித்துக்கொண்டார் என்று பசை பெருமையாகச் சொன்னான். மீட்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவர் மரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் ரம்பத்துக்குத் தாங்கவில்லை.

"நாப்பது வருஷமா அறுக்கறேன். மரத்தைப் பத்தி எனக்கே சொல்றீங்களா?"

"அறுத்தீங்க ஐயா. அது குடிச்சதைப் பாத்ததில்ல. நடுவுல இருக்கற வைரம் செத்த கட்டை. செத்தது தண்ணி குடிக்காது. வேர் உறிஞ்சறதெல்லாம் வெளிறு வழியாத்தான் மேல ஏறும். இலையில, பட்டையில விழுந்ததும் மொதல்ல அங்கதான் இறங்கும். இந்த விஷம் மரத்துக்கு வேணுங்கற உப்பு மாதிரியே இருக்கும். மரம் ஏமாந்து சாப்பாடுன்னு நெனச்சு இழுத்துக்கும். பல வருஷம் போனா கொஞ்சம் கொஞ்சமா உள்ளயும் போகலாம். இப்போதைக்கு எல்லாம் வெளிறுலதான்."

"அதெப்படி? விஷம் அந்தப் பக்கம்தான இருக்கணும்? நான் பாத்துப் பாத்து அங்கதான அடுக்கினேன்?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது. பசை இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். பசை மாதிரியே அவனுக்கு எதுவும் காய்ந்துதான் பிடிக்கும். அவன் அக்காவுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. பின்னல் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே புருஷனைப் பார்த்தாள்.

"நான் அங்க போய் உட்கார்ந்தது உங்களுக்குத் தெரியும்."

ரம்பம் தரையைப் பார்த்தார்.

"நீ சாயங்காலம் வந்துடுவியேன்னு..."

"போர்வையைச் சுத்திவிட்டு அனுப்பினீங்க."

அவள் விட்ட கண்ணியைத் தேடி எடுத்து, நின்ற இடத்திலேயே அந்த வரிசையைப் பின்னி முடித்தாள்.

அடுத்த நாள் பள்ளிக்கூட ஹாலில் ஆட்களை உட்காரவைத்து அளக்கிற நாற்காலியில் மூன்று பேரையும் உட்காரவைத்தார்கள். பசைக்கு நூற்றுப் பத்து. அவளுக்கு நூற்றெழுபது, அதிலும் பாதி புருஷனுக்குப் பக்கத்தில் படுத்த வகையில் வந்தது என்றார்கள். ரம்பம் உட்கார்ந்ததும் நாற்காலியைத் துடைக்கச் சொல்லி இன்னொரு தடவை அளந்தார்கள். துடைத்த பிறகும் அதே எண்தான் வந்தது. எண்ணை அவரிடம் சொல்லவில்லை. ஹாலில் இருந்த மற்ற எல்லாரிடமும் சொன்னார்கள்.

"மரத்தடியா இருந்தா மஞ்சள் பெருக்கல் போட்டிருப்பேன்," என்றார் மீட்டரம்மா, தாளை நிரப்பிக்கொண்டே. "மனுஷனாப் போயிட்டீங்க. கொட்டகைக்குத்தான் அனுப்ப முடியும்."

வீட்டைக் காலி செய்ய ஒரு பகல் கொடுத்தார்கள். குறைந்த எண் உள்ளவர்கள் சொந்தக்காரரோடு தங்கலாம் என்று சட்டத்தில் இருந்தது. மனைவி தன் தலையணையை எடுத்து, தட்டி, தடுப்பைச் சுற்றிக்கொண்டு தம்பி பக்கம் போனாள். பிறகு திரும்பி வந்து அவருடைய சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கினாள். எப்போதும் அடுக்குகிற மாதிரியே, காலர் மேலே வரும்படி. இருமல் மருந்தை மேலாக, கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். கிழங்கு மூட்டையைத் தொடக் கூடாது என்று முழு உடல் உறை போட்ட ஆட்கள் சொல்லிவிட்டதால், தன் சாப்பாட்டில் பாதியை ஒரு டப்பாவில் போட்டு மூடினாள். முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அதில் உப்பே போடவில்லை. அது அவருக்குக் கொட்டகையில்தான் தெரிந்தது.

ரம்பத்தின் அடுப்பைப் பிடுங்கி பிளாஸ்டிக் உறையில் கட்டினார்கள். அவர் படுத்த மெத்தையையும் கட்டினார்கள். எதை எதைக் குழிக்கு அனுப்ப வேண்டும் என்ற பட்டியலை வாசித்துக் காட்டி அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

லாரி வந்து நின்றபோது வழியனுப்ப வந்தவன் பசை ஒருவன்தான். அவனுக்கு அதற்குள் காய்ந்து பிடித்திருந்தது. ஆனாலும் அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டான். நாலு விரலும் வலிக்கும்படி பிடித்தான். கண்ணில் தண்ணீர் கொட்டியது. பொய்த் தண்ணீர் இல்லை.

"கவலைப்படாதீங்க அத்தான். எங்களைக் கொல்லப் பாத்தீங்கன்னு அக்கா சொல்லுது. நான் அப்படி நெனைக்கல. உங்களுக்கு மரத்தைப் பத்தி ஒண்ணும் தெரியலன்னு மட்டும்தான் நெனைக்கறேன். மில்லுல எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்."

லாரியில் ஏறும்போது ரம்பம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர் வாழ்க்கையிலேயே அவர் பேசாத பயணம் அது ஒன்றுதான் என்று லாரிக்காரர் சொல்வார்.

அந்த ஊரை உலை வெடித்த மறுநாள் காலையிலேயே முழுவதுமாகக் காலி செய்துவிட்டார்கள். அன்று முதல் இன்றுவரை அங்கே ஒரு வீட்டிலும் ஒரு அடுப்பும் எரிந்ததில்லை. இதைச் சொல்லும்போதும் தாயின் தலையில் வைத்த கையை எடுக்கவில்லை.